ஐந்து நாள் ஈரம் படக்கூடாது

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நம்மில் ஒருத்தி தன் மகனின் படத்தைப் போட்டிருந்தாள். நெற்றியில் சின்ன வெட்டு. தையல் போடாமல் மருந்துப் பசை வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ‘இதுக்கு மேல தேங்கா எண்ணெ தடவலாமா, யாருக்காவது தெரியுமா?’ என்று கேட்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ‘வேண்டவே வேண்டாம், தண்ணியும் பட விடாத’ என்று பதில் போட்டேன். உடனே நீங்கள் எல்லோரும் எனக்கு டொக்டர் பட்டம் கொடுத்துச் சிரித்தீர்கள். எப்படி உனக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். தலை நரைத்த பிறகும் உள்ளேயே வைத்திருந்து என்ன செய்ய?

நீங்கள் என்னை அறிந்தது மாத்தளையில், ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகு. அதற்கு முன் நாங்கள் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் இருக்கும் நாவுலவில் இருந்தோம். அப்பா சுற்றுவட்டாரத்துக் கமக்காரர்களிடம் காய்கறி வாங்கி லொறியில் ஏற்றி அனுப்புகிறவர். வீட்டுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் கத்தரிக்காய், பயிற்றங்காய், பூசணி, நனைந்த சாக்கு எல்லாம் சேர்ந்து அடிக்கும் வாசம் எங்கள் உடுப்பிலும் இருக்கும். 

அப்பாவுக்குப் பெரிய குரல். குடிக்கத் தண்ணீர் கேட்டாலே ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோபம் வந்தால் கையில் அகப்பட்டதைத் தூக்கி எறிவார். அம்மாவை ஒருநாளும் அடித்ததில்லை. என்னை ஒரு தடவை அடித்திருக்கிறார். நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு முந்தின வருஷம், அடுப்படிப் பரணில் ஏறியதற்காக, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி. விழுந்து செத்திருப்பாய் என்று கத்திக்கொண்டே அடித்தார். அதன் பிறகு அம்மா பத்து நாள் அவரோடு பேசவில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் பேசாவிட்டால், ‘சாப்பாடு ரெடியாம்’, ‘பிறகு சாப்பிடுறாராம்’ என்று நான்தான் இங்கும் அங்கும் ஓட வேண்டியிருந்தது.

இது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்த காலம். அப்பா வாங்கி வந்த மத்தாப்பும் வெடியும் நமத்துப்போகாமல் இருக்க, சதுரமான பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு அதே பரணில் வைத்திருந்தார். அடுப்புச் சூடு மேலே போவதால் அங்கே எல்லாம் காய்ந்து இருக்கும். ‘அன்னைக்குக் காலையில நானே எடுத்துத் தருவேன். அதுவரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது’ என்று சொல்லியிருந்தார்.

பள்ளிவிட்டு வந்த மத்தியானம், அப்பா தம்புள்ளைக்கு லொறியோடு போயிருந்தார். அம்மா வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் உரலைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினேன். எடுத்து ஒளிக்கவெல்லாம் இல்லை. அந்த மத்தாப்புப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்க வேண்டும், அந்த மருந்து வாசத்தை முகர வேண்டும், அவ்வளவுதான். தகரம் நான் நினைத்ததைவிடப் பாரம். ஓரத்துக்கு இழுத்தேன். அம்மா துணியோடு உள்ளே வந்து, ‘அடியேய், எறங்கு!’ என்று என்னைப் பிடிக்க ஓடி வந்தாள். அவள் சரியாகக் கீழே வந்தபோது தகரம் என் விரலைத் தாண்டிப் போய்விட்டது.

அந்தச் சத்தத்தை உங்களுக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது.

அம்மா அழவில்லை. ‘ஸ்ஸ்’ என்று மட்டும் சொன்னாள். மத்தாப்பும் வெடியும் அடுப்பைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. அடுப்பில் தணல் இருந்தது. வகிட்டுக்குப் பக்கத்திலிருந்து இரத்தம் இறங்கிக் கண்ணை மறைக்க, அம்மா வெறுங்கையால் வெடிகளை அடுப்புப் பக்கத்திலிருந்து தள்ளித் தள்ளி விட்டாள். எல்லாவற்றையும் தள்ளி முடித்த பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் திறந்தபடி இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

‘அம்மா’ என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். மூன்றாவது தரம் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நாலாவது தரம் நான் போட்ட கூச்சலுக்குத்தான், ‘என்னடி கத்துற?’ என்று மெதுவாகக் கேட்டாள்.

துவாயைத் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் முதலில் சொன்னது இதைத்தான்: ‘அப்பாகிட்ட சொல்லாத. ஜன்னல் கதவு இடிச்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். வெளங்குதா?’

எனக்கு நன்றாக விளங்கியது. அடுப்படி ஜன்னலின் ஒற்றைக் கதவு உட்பக்கம் திறக்கும். குனிந்து நிமிர்கிறவர்கள் தலையில் அது இடிப்பது புதிதல்ல. வெடிகளை ஒரு பொலித்தீன் பையில் கட்டி அம்மா சொன்னபடி பரணில் போட்டேன். தகரத்தின் மூலையில் இரத்தமும் இரண்டு முடியும் ஒட்டியிருந்தன. அதைக் கழுவ எனக்குத் துணிவு வரவில்லை. கொட்டகையில் வெற்றுச் சாக்குகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

டிஸ்பென்சரி நடந்து போகிற தூரம்தான். நான் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு போனேன். கை உளைந்தது. வழக்கமாக அங்கே வயதான டொக்டர் ஒருவர் இருப்பார். அந்த வாரம் வெளிநாட்டில் வேலை செய்யும் அவருடைய மகள் லீவில் வந்து, அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தார். சிங்களத்தில்தான் பேசினார்; பெண் டொக்டரை அங்கே ‘டொக்டர் நோனா’ என்பார்கள். அம்மாவுக்குச் சந்தைக்குப் போய்வரும் அளவு சிங்களம்தான் தெரியும். நான் பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியதால் எனக்கு எல்லாம் விளங்கும். அதனால் டொக்டர் நோனா அம்மாவைப் பார்த்துக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அம்மா சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன்.

காயத்தைக் கழுவினார். கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். எத்தனை விரல் என்று கேட்டார். எப்படி நடந்தது என்று கேட்டபோது அம்மா ஜன்னல் கதவு என்றாள். நானும் ஜன்னல் கதவு என்றேன். டொக்டர் நோனா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘மயக்கம் போட்டு விழுந்தாங்களா? கொஞ்ச நேரமாவது நினைவு தப்பிச்சா?’

நான் அம்மாவிடம் கேட்டேன். ‘இல்லன்னு சொல்லு’ என்றாள் அம்மா. அவளுக்கு அது உண்மையாகவே தெரியாது என்பது எனக்கு இன்றைக்கு விளங்குகிறது. நினைவு தப்பினவளுக்கு நினைவு தப்பியது எப்படித் தெரியும்? அன்றைக்கு, அதையும் நாங்கள் மறைக்க வேண்டும் என்று நினைத்தேன். ‘இல்லை’ என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போது சிவப்புப் பொலிஷ் போட்ட தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டொக்டர் நோனா என்னைப் பஞ்சு வாங்கி வரச் சொல்லி மருந்து கலக்குகிறவரிடம் அனுப்பினார். திரைச்சீலையை இழுத்து மூடினார். உள்ளே, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அவர் மெதுவாக என்னவோ கேட்பதும், அம்மா ‘இல்ல நோனா, இல்ல’ என்பதும் கேட்டது. என் குற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

பஞ்சோடு வந்தபோது அவர் சுண்டுவிரல் அளவு சின்னக் குழாய் ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார். காயத்தின் இரண்டு உதடுகளையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே நீல நிறத்தில் துளித்துளியாக வைத்தார். சைக்கிள் டியூப் ஒட்டும் கடையில் அடிக்கிற மாதிரி ஒரு வாசம். அம்மா ‘சுடுது’ என்று முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரத்தில் அது காய்ந்து, தலையில் யாரோ காபன் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒருவரும் அப்படி ஒரு வைத்தியத்தை அதுவரை பார்த்ததில்லை.

டொக்டர் நோனா என்னை ‘நங்கி’, தங்கச்சி, என்று தன் நாற்காலிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ‘நங்கி, நீதான் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாளைக்கு ஈரம் படக்கூடாது. எண்ணெய் படவே கூடாது, பட்டால் பசை இளகிவிடும். களிம்பும் வேண்டாம். அம்மா சொறியக்கூடாது, அந்த இடத்தில் சீப்பு வைக்கக்கூடாது. அதுவாகவே உதிரும், நீங்கள் நோண்டாதீர்கள். காயம் பிளந்தாலோ, சிவந்து வீங்கினாலோ கூட்டிக்கொண்டு வா.’ பிறகு குரலைத் தாழ்த்தினார். ‘இது எல்லாவற்றையும்விட முக்கியம். வாந்தி எடுத்தால், பேச்சுக் குழறினால், கை கால் பலமில்லாமல் போனால், காதாலோ மூக்காலோ தண்ணீர் மாதிரி வடிந்தால், தூங்கும்போது எழுப்பியும் எழும்பாவிட்டால், ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயக்கம் போட்டிருந்தால் நான் இப்போதே அனுப்பியிருப்பேன். நல்லவேளை, அது இல்லை.’

என்னை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு தரமும் பிழையில்லாமல் சொன்னேன். கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டினார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மாவின் தலையைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா ஜன்னல் கதவு என்றாள். ‘எந்த ஜன்னல்?’ என்று கேட்டார். அடுப்படிக்குள் போய் அந்தக் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கோடரியை எடுத்தார்.

‘என் வீட்டுலயே இருந்துக்கிட்டு மண்டைய ஒடைக்கிறியா? இன்னைக்கு ஒன்ன ரெண்டா பொளக்குறேன் பாரு!’

‘வேணாங்க! விட்ருங்க! சொன்னா கேளுங்க!’ என்று அம்மா கத்தினாள். கத்தும்போது தலை வலித்திருக்க வேண்டும், அழுதேவிட்டாள். அப்பா கீலோடு கதவைப் பிடுங்கி முற்றத்தில் போட்டு, கொட்டும் மழையில் நின்று கொத்தினார். விறகாக்கிக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் அடுக்கினார். ஜன்னலுக்குச் சாக்கு ஒன்றை ஆணியடித்து மறைத்தார். எல்லாம் முடிந்த பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ‘ரொம்ப வலிக்குதா?’ என்று கேட்டார். அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரலாம். அன்றைக்கு நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு, ஒன்றும் செய்யாத கதவுக்கே இந்த அடி என்றால் எனக்கு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து நான் அம்மாவை விட்டு அசையவில்லை. பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். அதில் பாதி உண்மை. கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து அவளுடைய பாயை இழுத்துப் போட்டேன். முகம் கழுவப் போனால் பின்னாலேயே துவாயோடு போனேன். காதுக்குள் எட்டிப் பார்த்தேன். மூக்கைச் சிந்தினால் சிந்தியது என்ன நிறம் என்று பார்த்தேன். 

‘அம்மா, இன்னைக்கு என்ன கெழம?’

‘செவ்வா.’

‘ஒங்க பேரு என்ன?’

‘அடி வாங்கப் போற’ என்றாள் அம்மா. பேச்சுக் குழறவில்லை என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் நேரம்கூட நிற்காது. டொக்டர் நோனாவிடம் நான் மறைத்த அந்த ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். அம்மாவின் தலைக்குள் என்னவோ நடந்துகொண்டிருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும், சொன்னால் அப்பா கோடரியை எடுப்பார், சொல்லாவிட்டால் அம்மா செத்துப்போவாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன், வந்தது. மெதுவாகக் கூப்பிட்டேன். எழும்பவில்லை. காலைக் கிள்ளினேன். எழும்பவில்லை. மேசை மணிக்கூட்டை எடுத்து வந்து காதருகில் அலற விட்டேன். அப்போதும் அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நான் அவள் மேல் விழுந்து, ‘சாகாதீங்க, சாகாதீங்க’ என்று அடித்துக்கொண்டு அழுதேன். அம்மா திடுக்கிட்டு எழுந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

‘பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? நோவுக்கு ரெண்டு மாத்திர போட்டுட்டு இப்பத்தான் கண்ண மூடுனேன்.’

அந்த அடி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

மூன்றாம் நாள் மேட்டு வீட்டில் இருந்த அத்தை வந்தார். சொந்தத்தில் அத்தை இல்லை. அங்கே இருந்த இரண்டு மூன்று தமிழ் வீடுகளில் ஒன்று அவருடையது, அதனால் அத்தை. சட்டியில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி மஞ்சளும் உள்ளியும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ‘பசையாம் பசை! செருப்பா தைக்கிறாங்க? இத வச்சுப் பாரு, நாளைக்கே காஞ்சிரும்’ என்றார். அம்மா மரியாதைக்கு மறுக்க முடியாமல் தலையைக் குனிந்தாள். எண்ணெயில் நனைத்த துணி அந்த நீலக் கோட்டுக்கு நாலு விரல் தூரத்துக்கு வந்துவிட்டது. நான் சட்டியைத் தட்டிவிட்டேன். எண்ணெய் அத்தையின் சேலையிலும் தரையிலும் கொட்டியது.

அம்மா என்னைத் திட்டினாள். அத்தை திட்டவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நான் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது பின்னாலேயே வந்தார். என் தலையைத் தடவினார்.

‘அன்னைக்கு அந்திக்கு ஒங்க வீட்டுல சத்தம் கேட்டிச்சே. அப்பா அம்மாவ அடிச்சாரா?’

‘இல்ல.’

‘பயப்படாம சொல்லு. ஜன்னல் கதவுன்னு சொல்லச் சொன்னது அப்பாவா?’

‘அப்பா சொல்லல.’

‘அப்ப யாரு சொல்லச் சொன்னது?’

நான் அழுதுகொண்டே, ‘அம்மா’ என்றேன்.

அத்தை ஒரு பெருமூச்சு விட்டார். அவர் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மைகளை வைத்து அவர் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. கோடரிச் சத்தத்தையும், ‘ரெண்டா பொளக்குறேன்’ என்பதையும், ‘வேணாங்க’ என்பதையும் மேட்டிலிருந்து கேட்டவர் வேறு என்ன நினைப்பார்?

அன்றைக்கே கதை பரவியிருக்க வேண்டும். காய்கறி கொண்டுவருகிற பெண்கள் வழக்கமாக அப்பாவோடு பகிடி பேசுவார்கள். அன்று நிறுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ‘என்ன எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க?’ என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள், தீபாவளிக்கு முதல் நாள், காலை பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். மாத்தளையில் தச்சு வேலை செய்கிறவர். வருஷாவருஷம் தங்கைக்குத் தீபாவளிச் சேலை கொண்டுவருவார். அன்றும் கையில் பார்சல் இருந்தது, ஆனால் கொடுக்கவில்லை. மேட்டு வீட்டு அத்தை பஸ் கொண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து அம்மாவின் தலையைப் பார்த்தார். அடுப்படிக்குப் போய்ச் சாக்கு அடித்த ஜன்னலைப் பார்த்தார்.

அப்பா தோளில் கத்தரிக்காய்ப் பெட்டியோடு வந்தார்.

‘கதவு எங்க மச்சான்?’ என்று கேட்டார் மாமா.

‘பொளந்து வெறகாக்கிட்டேன்.’

‘ஏன்?’

‘அது... அவ தலையில இடிச்சிச்சின்னு.’

சொல்லும்போதே அது அப்பாவுக்கே பொய் மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். குரல் பாதியில் நின்றது. மாமா ஆணி போன ஓட்டைகளை விரலால் தடவினார். ‘நானும் முப்பது வருஷமா கதவு செய்றேன். தலையில இடிச்சிச்சின்னு ஒரு கதவ கோடரியால வெட்டுன ஆள நான் பார்த்ததில்ல’ என்றார். பிறகு அம்மாவிடம், ‘கெளம்பு. புள்ளைட உடுப்பையும் எடு’ என்றார்.

‘அண்ணே, அவரு ஒண்ணுமே செய்யல. சத்தியமா.’

‘அடி வாங்குன எவ ஒத்துக்குவா?’

‘என்ன சொல்றீங்க?’ என்றார் அப்பா. ஊரிலேயே பெரிய குரல் அவருக்கு. அன்றைக்கு அது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பெட்டியை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். காய்கறிப் பெண்கள் ஏன் முகத்தைத் திருப்பினார்கள் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு விளங்கியிருக்கும். மாமா எங்கள் துணிகளை அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். தலையை மிக மெதுவாக, இல்லை என்பதுபோல ஆட்டினாள். புருஷன் மேல் பழி விழுந்துகொண்டிருக்கும்போதும் அவள் எனக்குத்தான் காவல் நின்றாள்.

‘நான்தான்’ என்றேன்.

யாரும் திரும்பவில்லை. ‘நான்தான் மாமா. பரண்ல ஏறுனேன். தகரம் விழுந்திருச்சு.’

மாமா குந்தி என் கையைப் பிடித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயம். ‘இப்புடிச் சொல்ல யாரு சொல்லிக் குடுத்தா? அப்பாவா?’ என்றார்.

நான் கையை உதறிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். சாக்குகளை இழுத்துப் போட்டேன். தகரம் இருந்தது. ஈரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. மூலையில் கறுத்துக் காய்ந்த இரத்தமும் அந்த இரண்டு நீள முடியும் அப்படியே இருந்தன. கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தேன். பிறகு வாயை மூட முடியவில்லை. மத்தாப்புப் பெட்டி, உரல், தணல், எல்லாம் சொன்னேன். கடைசியாக, ‘அம்மா மயக்கம் போட்டாங்க. நான் டொக்டர்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். அம்மா சாகப் போறாங்க’ என்றேன்.

மாமா பையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னை நோக்கி வந்தார். நான் கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டேன். 

ஒன்றும் விழவில்லை. 

‘எத்தன தரம் கூப்புட்ட?’ என்று அப்பா கேட்டது மட்டும் கேட்டது.

‘மூணு தரம். நாலாவது தரந்தான் பேசுனாங்க.’

அப்பா ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். ‘வா, டொக்டர்கிட்ட போவோம்’ என்று அம்மாவைக் கூப்பிட்டார். வாசலில் நின்று, திரும்பாமல் கேட்டார்: ‘என்கிட்ட ஏன் சொல்லல?’

‘புள்ள முதுகுல போன வருஷத்துத் தழும்பு இன்னும் போகலீங்க’ என்றாள் அம்மா.

மாமா மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவின் தலைக்கு நேரே குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்பா நனைந்துகொண்டு பின்னால் வந்தார்.

அம்மா சாகவில்லை. டொக்டர் நோனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்றார். நாலு நாளாக வாந்தியோ மயக்கமோ இல்லாததால் பயப்பட ஒன்றுமில்லை என்று கை காலெல்லாம் பரிசோதித்துச் சொன்னார். தீபாவளிக்கு எண்ணெய் முழுக்கு வேண்டாம் என்று அம்மாவுக்கு இன்னொரு தரம் சொன்னார். பதினோராம் நாள், நீலக் கோடு மீன் செதில் மாதிரி உதிர்ந்து தலையணையில் கிடந்தது. கீழே மெல்லிய ரோஸ் நிறத்தில் ஒரு வரி. இப்போது அம்மாவின் நரைத்த தலையில் அதைத் தேடினாலும் கிடைக்காது. 

அப்பா அதோடு மாறிவிட்டார் என்று எழுதினால் அது கதையாகிவிடும். குரல் அப்படியேதான் இருந்தது. சாமான்களை எறிவதும் இருந்தது. பெல்ட்டை மட்டும் அதன் பிறகு அவர் இடுப்பிலிருந்து கழற்றி நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த நாலாம் நாள் டிஸ்பென்சரியில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. உள்ளே போனதும் டொக்டர் நோனா அப்பாவைக் கண்டார். ‘நீங்கள் வெளியில் இருங்கள்’ என்று சொல்லி, அம்மாவை மட்டும் உள்ளே வைத்துத் திரைச்சீலையை மூடினார். அப்பாவும் நானும் சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்தோம். மாமா நின்றுகொண்டிருந்தார். உள்ளே மறுபடியும் அந்த மெதுவான கேள்வி தொடங்கியது. அம்மா மறுபடியும் ‘இல்ல நோனா’ என்றாள். மாமாவுக்குத் தாங்கவில்லை.

‘நான் உள்ள போய் சொல்றேன் மச்சான். நீங்க கை வைக்கலன்னு நான் சொல்றேன்.’

‘வேணாம்’ என்றார் அப்பா. ‘அவங்க கேக்கட்டும். கேக்குறது சரிதான்.’

அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் எனக்கே தெரியாமல் வாங்கின் அந்தக் கோடிக்கு நகர்ந்து, ஒரு கால் தரையில் ஊன்றி, எந்த நேரமும் ஓடலாம் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். அப்பா அந்த இடைவெளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, ‘நீ நல்லா ஒக்காரு’ என்று சொல்லிவிட்டு, வெளியே போய்த் தூவானத்தில் நின்றுகொண்டார்.